ஒரு பிடி ரப்பர்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் என்ஜினைப் பற்றி என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மூக்கால் கண்டுபிடிப்பதோடு என் ஞானம் நின்றிருந்தது. அந்த ஞானத்தைக் கொஞ்சம் விருத்தி செய்துகொள்ள நேர்ந்தது 1989-ஆம் வருஷம் மார்கழி மாதத்தில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, பனி விலகாத ஒரு காலை வேளையில். என் உயிர், என் சிநேகிதர் ஒருவரின் உயிர், அவருடைய வயதான தாயாரின் உயிர் ஆகிய மூன்றும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு ரப்பர் துண்டை நம்பி இருந்தன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் துண்டு நம்பத் தகுந்ததாக இல்லை என்பதும் அன்றைக்கேதான் தெரிந்தது.

சிநேகிதருக்கு ஊர் ராஜபாளையம். பஞ்சு வியாபாரக் குடும்பம். அவருடைய தகப்பனார் 1964-இல் ஓர் அம்பாசடர் கார் வாங்கினார். காரை வாங்குவது என்றால் அந்தக் காலத்தில் பெண் எடுப்பது மாதிரி. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வந்த காரைத் தகப்பனார் தம் கையாலேயே ஓட்டினார். தம் கையாலேயே துடைத்தார். மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் மனைவியை அதில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதிக்குப் போய் வருவார். போக வரப் பத்துப் பன்னிரண்டு, பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர். அதுவே அந்தத் தம்பதியின் உலகப் பிரயாணம். அவர் காலமான பிறகும் அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மார்கழியில் அந்தக் காரில் அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும்.

கார் இருந்தது, அதன் என்ஜின் மட்டும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கச் சம்மதிக்கவில்லை. பிளாக்கில் வெடிப்பு விட்டுவிட்டது. பெட்ரோல் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. சிநேகிதர் ஒரு முடிவுக்கு வந்தார். பழைய என்ஜினை எடுத்துவிட்டு, விபத்தில் நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து டீசல் என்ஜினை வாங்கி அதில் வைத்துவிடுவது. உடம்பு பழசு, இருதயம் வேறு!

இதைக் கேட்டு நேயர்கள் சிரிக்க வேண்டாம். நம் தேசத்து மோட்டார் காரின் சரித்திரமே பெரும்பாலும் இருதயம் மாற்றிய சரித்திரம்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-இல் குஜராத் கடற்கரையில் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் வங்காளத்து உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அச்சாக வைத்து 1958-இல் அம்பாசடர் வெளிவந்தபோது, அதற்குள் இருந்தது 1476 சி.சி. கொண்ட பழைய மாதிரி என்ஜின். மறு வருஷமே, 1959-இல், அதைத் தள்ளிவிட்டு 1489 சி.சி. என்ஜினை வைத்தார்கள். வெளித் தோற்றம் அதேதான். 1970-களின் கடைசியை ஒட்டி அதே என்ஜினின் டீசல் தம்பி வந்து சேர்ந்தது. 1992-இல் ஜப்பானிலிருந்து இசுசு 1.8 லிட்டர் என்ஜின் அதே கூட்டுக்குள் புகுந்தது. 2014 மே மாதம் உத்தரபாராவில் உற்பத்தி நிற்கும்வரை கார் என்னவோ ஒரே கார். உள்ளே துடித்த இருதயம் மாத்திரம் எத்தனையோ.

மற்றக் கம்பெனிகளும் சளைத்தவையல்ல. பிரீமியர் கம்பெனி 1985-இல் இத்தாலிய ஃபியட் 124-இன் உடலில் ஜப்பானிய நிஸ்ஸான் என்ஜினை வைத்து 118 என்.இ. என்று பெயரிட்டது. இங்கிலாந்து வாக்ஸ்ஹால் காரின் உடலில் அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினை வைத்து 1984-இல் கான்டெஸா வந்தது. அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சிறிய என்ஜின் இழுப்பதைப் பார்த்து இரங்கியோ என்னவோ, பிறகு அதற்கும் இசுசு என்ஜினைக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் விசித்திரமான கலியாணம் நம் சென்னையில் நடந்தது. பெருங்களத்தூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரை விட்டது. அதன் உடல், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் பெற்ற ரோவர். அந்த உடலுக்கு இங்கிலாந்தில் எட்டு சிலிண்டர் என்ஜின்கூட உண்டு. இங்கேயோ, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்து வான்கார்டு வம்சத்தைச் சேர்ந்த 1991 சி.சி. என்ஜினை அதில் உட்கார வைத்தார்கள். ராஜகுமாரிக்குத் தாத்தா வயதில் மாப்பிள்ளை! மவுண்டிங் பொருந்தியது, மனம் பொருந்தவில்லை. 1988-இல் தொழிற்சாலையே மூடிவிட்டது.

ஆனால் கம்பெனிகள் செய்யும் என்ஜின் மாற்றத்துக்கும் நம் தெருப் பட்டறையில் நடக்கும் மாற்றத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பெனியில் அந்த என்ஜினை அந்த உடலில் உட்கார வைப்பதற்கென்றே புதிதாக ஆசனம் செய்கிறார்கள். தெருப் பட்டறையில், இருக்கிற ஆசனத்தில் வருகிற விருந்தாளியை எப்படியாவது உட்கார வைத்துவிடுகிறார்கள். விருந்தாளி ஒல்லியாக இருந்தால் பாதகமில்லை. கனத்த ஆசாமியாக இருந்து, கூடவே உடம்பை உதறுகிற வழக்கமும் உள்ளவராக இருந்துவிட்டால்?

அந்த ஆசனத்துக்குத்தான் மவுண்டிங் என்று பெயர். ஓர் இரும்புப் பிராக்கெட், அதில் ஒட்டிய ரப்பர், மறுபடி ஓர் இரும்பு. முன்பக்கம் வலத்திலும் இடத்திலுமாக இரண்டு, பின்பக்கம் கியர்பாக்ஸின் அடியில் ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு. விலையிலே அற்பம், கண்ணிலே படாது. என்ஜின் மாற்றுகிறவர்கள் குதிரைச் சக்தி என்ன, மைலேஜ் என்ன என்று இரவெல்லாம் பேசுவார்கள். மவுண்டிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த ரப்பர் காரோடு கூடப் பிறந்தது அல்ல. ஆதி கார்களில் என்ஜினை நேராகச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். மேடு பள்ளத்தில் சட்டம் முறுகினால் என்ஜினின் கால்கள் விரிந்துபோகும். ஃபோர்டு 1908-இல் விட்ட மாடல் டி காரில், முக்காலி மாதிரி மூன்று இடங்களில் மட்டும் என்ஜினைத் தாங்க வைத்தார்கள். மூன்று கால் மணை எந்தத் தரையிலும் ஆடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தானே? முறுக்கு நோய் அதனால் தீர்ந்தது. நடுக்க நோய் தீரவில்லை. நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 700 சுற்று என்று மெள்ள ஓடினால்கூட விநாடிக்கு இருபத்துமூன்று குத்து. அவ்வளவும் காரில் இருப்பவரின் பல்லில் வந்து முடியும். நடுக்கம் வேண்டாதவர் ஆறு, எட்டு சிலிண்டர் கார் வாங்க வேண்டும். அதாவது பணக்காரராக இருக்க வேண்டும்.

1931-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியின் பொறியாளர்கள் இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். நடுங்குகிற என்ஜினை இறுகக் கட்டிப் பிடிக்காதே. அது எந்த அச்சைச் சுற்றி ஆட விரும்புகிறதோ அதைச் சுற்றிச் சற்றே ஆடவிடு! முன்னால் தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு ரப்பர், பின்னால் கியர்பாக்ஸின் அடியில் தாழ்வாக ஒரு ரப்பர். இரண்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அது என்ஜினின் கனமத்தி வழியாகப் போகும். மிதமிஞ்சிப் புரளாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பட்டை வில். 'மிதக்கும் சக்தி' என்ற பொருள்படப் பெயர் வைத்து, மலிவான பிளிமத் காரில் இதைப் பொருத்தினார்கள். நாலு சிலிண்டர் கார், எட்டு சிலிண்டர் கார் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷமே பிரான்ஸில் சித்ரோயன் கம்பெனி இந்த உரிமையை வாங்கித் தன் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னப் பறவையின் சின்னத்தைப் பொறித்துக்கொண்டது. தண்ணீருக்கு அடியில் கால் எவ்வளவு உதைத்தாலும் மேலே அன்னம் அசைவதில்லை அல்லவா?

அதிலிருந்து உலகத்துக் கார்கள் எல்லாம் ரப்பர் ஆசனத்துக்கு வந்து சேர்ந்தன. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதில் ஓர் ஆத்ம சம்பந்தமும் உண்டு. தென்காசி சாலையைப் பிடித்துச் செங்கோட்டை கடந்து, ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள். அங்கே மரத்தில் கீறிச் சிரட்டையில் பிடித்த பால்தான் கெட்டியாகி, கந்தகத்தோடு வெந்து, இரும்போடு ஒட்டிக்கொண்டு என்ஜினைத் தாங்க வருகிறது. அதிர்வை விழுங்குவதில் இந்த இயற்கை ரப்பருக்கு நிகரில்லை. ஆனால் அதற்கு இரண்டு சத்ருக்கள்: ஒன்று எண்ணெய், மற்றொன்று சூடு. எண்ணெய் பட்டால் ஊதிப்போய் அப்பளம் போல் நொய்ந்துவிடும். சைலன்ஸர் குழாயின் சூடு பட்டால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பழைய கார்களில் இரண்டுமே தாராளம்.

இனி நம் கதைக்கு வருவோம். ஒரு பட்டறைக்காரர் சிநேகிதரின் காருக்கு டீசல் என்ஜினை வைத்துக் கொடுத்தார். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். எந்த ஊரில் என்பதும் வேண்டாம். கம்பெனி டீசல் என்ஜினாக இருந்தால் கதை எளிது. அது பெட்ரோல் என்ஜினின் கூடப்பிறந்தது. கம்பெனியே அதற்கு ஆசனம் கண்டிருந்தது. வேன் என்ஜின் அந்நியன். அதன் கால் இருக்கும் இடத்தில் காரின் ஆசனம் இல்லை. ஆசனம் இருக்கும் இடத்தில் கால் இல்லை. பட்டறைக்காரர் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துக் காலை நீட்டினார். நடுவில் ரப்பர் வேண்டுமே? லாரி டயரில் ஒரு துண்டை அறுத்து வைத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் நீள போல்ட் ஒன்றைச் செருகி, முறுக்க முடிந்த மட்டும் முறுக்கினார்.

கார் ஓடிற்று. சிநேகிதர் மகிழ்ந்து போனார். ஒரு மாதத்தில் கண்ணாடி தளர்ந்தது. பிறகு ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டது. பிறகு பாட்டரியைத் தாங்கும் தகடு முறிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கை, காரை நிறுத்திய பிறகும் கால்மணி நேரம் ஜிவ்வென்று இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனி வியாதியாகக் கருதித் தனித்தனியாக வைத்தியம் பார்த்தார் சிநேகிதர். அம்மாள் மட்டும் ஒரே வார்த்தையில் நோயைச் சொல்லிவிட்டாள்: "ஏய்யா, இது உங்க அப்பா கார் மாதிரி இல்லையே! மாவு மில்லு மாதிரி இருக்கே."

அந்த மார்கழிக் காலையில் நானும் விருந்தாளியாக அந்தக் காரில் போயிருந்தேன். தரிசனம் ஆயிற்று. பால்கோவா வாங்கியாயிற்று. கோபுரத்தின் உச்சியில் வெயில் படுவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ராஜபாளையத்துக்குப் புறப்பட்டோம். வலப்பக்கத்தில் மலைத்தொடர் பனியில் மறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி. சிநேகிதர் வேகத்தைக் குறைத்தார். எதிரே பாதை காலியாயிற்று. இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

டப்பென்று ஒரு சத்தம். கார் தானாக முன்னே பாய்ந்தது. சிநேகிதர் காலை எடுத்துவிட்டார், வேகம் குறையவில்லை! என்ஜின் காட்டு யானை மாதிரி பிளிறுகிறது. வைக்கோல் வண்டி கண்ணை மறைக்கிறது. பிரேக்கையும் கிளட்சையும் ஒருசேர மிதித்துக்கொண்டு, சாவியைத் திருகினார். டீசல் என்ஜின் சாவிக்கு நின்றால்தானே? நல்ல வேளையாக நினைவு வந்து ஸ்டாப் குமிழைப் பிடித்து இழுத்தார். வண்டியின் வைக்கோல் எங்கள் பானெட்டில் உராய நின்றோம். முன்னால் குபுகுபுவென்று ஆவி. ஃபேன் ரேடியேட்டரை அறுத்திருந்தது. பின் ஸீட்டில் அம்மாளின் மடியிலிருந்த துளசியும் தேங்காய் மூடியும் காரின் தரையில் கிடந்தன. யாருக்கும் காயம் இல்லை.

நாங்கள் பஸ் ஏறி ஊருக்கு வந்தோம். வாசல்படியில் அம்மாள் சொன்னாள்: "இனிமே என்னை அந்தக் காரிலே கூப்பிடாதே, ஐயா." கோபமாகச் சொல்லியிருந்தால் சிநேகிதருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். தகப்பனார் விட்டுப்போன ஒரே காட்சிப் பொருளைத் தம் சிக்கனத்தால் தாயாருக்கு ஆகாததாக ஆக்கிவிட்டோமே என்று அவர் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

நடந்தது என்ன? பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என்ஜின் சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றும்போது, அதன் உடம்பு எதிர்த் திசையில் புரளப் பார்க்கும். அழுத்தி மிதிக்கையில் இடப்பக்கம் மேலே எழும்பும். இடப்பக்கத்து ரப்பர் கிழிந்திருந்தால் எழும்பியே விடும். எழும்புகிற என்ஜின் ஆக்ஸிலரேட்டர் கம்பியையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் வேகம் இன்னும் கூடும். கூடினால் இன்னும் எழும்பும். பட்டிக்காட்டுப் பட்டறையின் பிழை என்று நினைத்தேன். அப்படியல்ல! அப்போது உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனியாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸே 1971 டிசம்பரில் இதே காரணத்துக்காக, 1965 முதல் 1969 வரை விற்ற செவர்லே வண்டிகளில் சுமார் 67 லட்சத்தைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. மவுண்டிங் ரப்பர் பிரிந்தால் என்ஜின் எழும்பி ஆக்ஸிலரேட்டரை இழுத்துவிடும் என்பதுதான் அங்கேயும் குற்றம். அதற்கு அவர்கள் செய்த பரிகாரம், என்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிவடம்.

சிநேகிதர் காரைப் பழைய இரும்புக்குப் போடத் தீர்மானித்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று, கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வயதான ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் போனோம். வாலிபத்தில் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1936-இல் ராஜபாளையம் மில் தொடங்கியது முதல் அந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின அல்லவா? ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும் இடத்தில் பழகியவருக்கு அதிர்வு என்பது காதால் கேட்கிற விஷயம் அல்ல, உள்ளங்காலால் கேட்கிற விஷயம்.

அவர் கிழிந்த டயர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நீள போல்ட்டைப் பார்த்தார். சிரித்தார்.

"தம்பி, ரப்பர் வச்சிருக்கான், ஆனா ரப்பர் வேலை செய்ய விடல்லே. மேலிருந்து கீழே வரைக்கும் இரும்பு போகுது. ஆட்டம் எல்லாம் போல்ட்டு வழியாவே பாடிக்குப் போயிடுது. ரப்பர் சும்மா சாட்சிக்கு நிக்குது."

"நல்ல கெட்டி ரப்பர்னு சொன்னாங்களே, அண்ணாச்சி?" என்றார் சிநேகிதர்.

"கெட்டியா இருக்கக் கூடாது, தம்பி. கோயில்லே சாமி தூக்குறவங்களைப் பாத்திருக்கீங்களா? ஸ்ரீபாதம் தாங்கிகள். கனத்தை எல்லாம் தோள்லே வாங்கிக்குவாங்க. கால் நடையை மேலே அனுப்ப மாட்டாங்க. முழங்காலையும் இடுப்பையும் வளைச்சுக் கொடுத்தே போவாங்க. வெறைச்சுக்கிட்டு நடந்தா சாமி ஆடிப்போகும். தொளதொளன்னு நடந்தா பல்லக்கு சாஞ்சுபோகும். இதுவும் அதே உத்தியோகம்தான்."

எத்தனையோ உபமானம் எழுதிச் சம்பாதித்தவன் நான். இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லை. பொறியியல் புத்தகங்களும் இதையேதான் கணக்கில் சொல்கின்றன. ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் இருப்பது போல, ரப்பரின் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கும் ஒன்று உண்டு. அந்தத் தாளம் என்ஜினின் குத்துக்களைவிட நன்றாக மெதுவாக இருந்தால்தான் அதிர்வு கீழே இறங்காது. விநாடிக்கு இருபத்துமூன்று குத்து என்றால், ரப்பரின் தாளம் பதினாறுக்கும் கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால், சரியான சமயத்தில் ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். டீசலுக்கு இது இன்னும் முக்கியம். பழைய பெட்ரோல் என்ஜின் காற்றை ஏழெட்டுப் பங்கு அழுத்துகிறது. டீசலோ அதைவிட மிக அதிகமாக அழுத்தி வெடிக்கிறது. குத்து ஒவ்வொன்றும் பலம்.

அண்ணாச்சியின் முதல் விதி இது: "ரப்பரை என்ஜினோட ஊரிலே தேடு, பிராக்கெட்டைக் காரோட ஊரிலே செய்." அதாவது, அந்த வேனைச் செய்த கம்பெனி அந்த என்ஜினின் கனத்தையும் குத்தையும் எடைபோட்டுத்தான் அதன் ரப்பரைச் செய்திருக்கும். அந்த ரப்பரையே வாங்க வேண்டும். காரோடு இருந்த பழைய ரப்பர் பழைய என்ஜினுக்கு ஏற்றது. புதியவனை அது தாங்காது. கார் உடலுக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரும்புப் பிராக்கெட்டால் இணைக்க வேண்டும். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ரப்பரின் குணத்தை வளைக்க முடியாது. சிநேகிதர் மதுரையில் இரண்டு நாள் அலைந்து அசல் மவுண்டிங் ரப்பர் ஒரு ஜதை வாங்கி வந்தார்.

வேலை பதினாறு நாள் நடந்தது. செயின் பிளாக்கில் என்ஜினைத் தொங்கவிட்டு, கட்டைகளை அடியில் வைத்து, அது எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பதற்கே நான்கு நாள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் விரல் நுழைய இடம் வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது. பானெட் மூட வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து புறப்படும் அச்சும் பின் ஆக்ஸிலுக்குள் போகும் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலே சுழலும் நீளத் தண்டின் மூட்டுக்கள் உதறும். அந்த உதறலையும் மவுண்டிங்கின் தலையில்தான் கட்டுவார்கள். இடம் தீர்மானமான பிறகு கால்களுக்கு நடுவே அட்டையை வெட்டி வைத்து அளவு பார்த்தார். அட்டை சரியான பிறகுதான் தகடு. அதையும் இரண்டு பொட்டு வெல்டிங்கில் நிறுத்திவிட்டு, என்ஜினை வெளியே எடுத்த பிறகே முழு வெல்டிங். சூடு பட்டால் புது ரப்பர் கெடும். இரண்டு பக்கத்து ரப்பரையும் நேராக வைக்காமல் சாய்வாக, கூரையின் இரு சரிவைப் போல வைத்தார். அப்படி வைத்தால் ரப்பர் பாதி நசுங்கியும் பாதி வழுக்கியும் வேலை செய்யும்.

கடைசி நாளில் போல்ட்டுகளை முழுதும் முறுக்காமல் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். "அது தன் இடத்தைத் தானே பாத்து உக்காரட்டும். பிறகு முறுக்குவோம்" என்றார். தடித்த செம்புப் பின்னல் ஒன்றை என்ஜினிலிருந்து உடலுக்குக் கட்டினார். எதற்கு என்றேன். ரப்பரில் மின்சாரம் போகாது. இந்த எர்த் கம்பி இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக ஓடி அதைச் சுட்டுவிடும் என்றார். அப்புறம், இடப்பக்கத்தில் ஒரு சங்கிலித் துண்டை, சற்றே தொய்வாக, என்ஜினுக்கும் சட்டத்துக்கும் பிணைத்தார்.

"ரப்பர் என்னிக்காவது கிழியத்தான் செய்யும், தம்பி. கிழிஞ்சா ஆள் சாகக் கூடாது."

ஜெனரல் மோட்டார்ஸின் கம்பிவடத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. நானே பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

இந்த மாதிரி மாற்றங்களுக்குச் சட்டமும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் எரிபொருளும் வண்டியில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். சிநேகிதர் அதைச் செய்திருந்தார். இப்போது பிடி இன்னும் இறுகியிருக்கிறது. தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகையால் இதைப் படித்துவிட்டு யாராவது செயின் பிளாக்கைத் தேடிப் புறப்படுவதாக இருந்தால், முதலில் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போவது நலம்.

அம்மாளை மறுபடி அந்தக் காரில் ஏற்றுவது பதினாறு நாளில் முடிகிற வேலையாக இல்லை. 1990 ஆடிப்பூரம் வரையில் அவள் பஸ்ஸில்தான் போய் வந்தாள். தேர் பார்க்கப் போகிற அன்று பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. சிநேகிதர் ஒன்றும் சொல்லாமல் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஓடவிட்டபடியே இறங்கி நின்றார். அம்மாள் கிட்டே போனாள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பின் கதவைத் திறந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் திரும்பி வருகையில் நானும் இருந்தேன். டீசல் வண்டி டீசல் வண்டிதான். சத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி ஆடவில்லை, கை விறைக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். அம்மாள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். சிநேகிதர் அவளை எழுப்பவில்லை. என்ஜினை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று, நிறுத்தாமலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். டீசல் வீணாயிற்று, அவர் கவலைப்படவில்லை.

அம்மாள் இப்போது இல்லை, அண்ணாச்சியும் இல்லை. அம்பாசடர் என்ற பெயரையே 2017-இல் பிரான்ஸின் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். ஆண்டாள் தேருக்குக்கூட மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. தேர் என்னவோ பழைய தேர்தான், ஜனங்கள் அதைப் புதுத் தேர் என்று சொல்வதில்லை. சிநேகிதரின் கார் இன்னும் இருக்கிறது. ரப்பர் மட்டும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. சங்கிலிக்கு இதுவரை வேலை வரவில்லை.

அந்தக் கிழிந்த டயர் துண்டை அண்ணாச்சியிடமிருந்து நான் கேட்டு வாங்கி வந்தேன். என் மேஜையின் மேல், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அசையாமல் அழுத்திப் பிடிப்பதற்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.